மச்சானுக்குச் செய்த ஐந்து கட்டை டார்ச்

கணபதியில் நாங்கள் குடியிருந்த வீட்டின் பின்பக்கம், துவைக்கிற கல்லுக்கும் குளியலறைக்கும் நடுவே, ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்கு அடியில் என்னுடைய லேத் நின்றது. பழைய மெஷின். ஏதோ ஒரு மில்லின் ரிப்பேர் செக்‌ஷனில் வாழ்ந்து, ஏலத்தில் வெளியே வந்து, இரண்டு மூன்று கை மாறி, யாரும் சீந்தாத வயதில் என்னிடம் வந்து சேர்ந்தது. தொண்ணூறுகளின் கோயமுத்தூரில் வீட்டில் லேத் வைத்திருப்பது எருமை வைத்திருப்பது மாதிரி. ஏன் என்று யாரும் கேட்க மாட்டார்கள். என்ன, எருமை பால் கொடுக்கும். என் மெஷின் இரும்புச் சுருள் கொடுத்தது. அது என் மனைவியின் சேலைக் கரையைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்குள் வந்துவிடும்.

"ஒரு நாளைக்கு இந்தக் கண்றாவியத் தூக்கி எடைக்குப் போடப்போறேன் பாருங்க," என்பாள்.

"மெஷினையா, என்னையா?"

"எது சாஸ்தி எடை வருதோ அது."

பிழைப்புக்கு நான் கடைந்தது பம்பு செட்டுக்கான புஷ், தண்டு சுழன்று தேய்கிற இடத்தில் செருகுகிற வளையம். காலையில் மெஷினை ஓட்டினால் பொழுது சாயும்வரை ஒரே அளவு, ஒரே துளை. கையில் வாங்கிய எவரும் ஒரு புஷ்ஷைப் பார்த்து "அடடா" என்று சொன்னதில்லை. டார்ச் வேலைக்கு நான் மயங்கியது அதனால்தான்.

அது தற்செயலாக வந்தது. எங்கள் தெருவில் குடியிருந்த மில் வாட்ச்மேன் ஒருவர் தன் டார்ச்சின் பின்மூடியைச் சாக்கடையில் தொலைத்துவிட்டு வந்து நின்றார். கடையில் மூடி தனியாகக் கிடைக்காது. ஒரு துண்டு அலுமினியத்தை மாட்டி, மரை போட்டு, பிடிக்கச் சொரசொரப்பாக நர்லிங் ஓட்டிக் கொடுத்தேன். அவர் அதைத் திருகித் திருகிப் பார்த்து, "டார்ச்சை விட மூடி நல்லா இருக்குதுங்களே," என்றார். போதாதா? அடுத்து சினிமா தியேட்டரில் சீட்டுக் காட்டுகிறவர் வந்தார். வெளிச்சம் தரையில் மட்டும் விழ வேண்டும், கடைசி வரிசை ஜோடிகள் மேல் விழுந்தால் அடிக்க வருகிறார்கள் என்று, தலைக்கு ஒரு மறைப்பு கேட்டார். பொள்ளாச்சிச் சந்தை மாட்டுத் தரகர் ஒருவர் விடிகிற முன்னே மாட்டுப் பல்லைப் பார்க்கக் குட்டையாக ஒன்று கேட்டார். "வெளிச்சம் பல்லுக்கு மட்டும் போகோணுங்க. மாட்டுக் கண்ணுக்குப் போச்சுன்னா மிரண்டுபோடும்." எல்லாருக்கும் செய்து கொடுத்தேன். சொந்தக்காரர்களின் விசேஷ வீடுகளில் எனக்கு "டார்ச்சு" என்றே பேர் விழுந்தது. பத்திரிகையில் மட்டும்தான் அப்படி அச்சடிக்கவில்லை.

இதில் பெரிய வித்தை ஒன்றும் இல்லை. கடை டார்ச்சில் இரண்டு கட்டை பேட்டரி போகும், மிஞ்சினால் மூன்று. நடுவில் இரண்டு பக்கமும் மரை போட்ட குழாய்த் துண்டு ஒன்றைச் சேர்த்தால் டார்ச் நீளும். நீண்டால் இன்னொரு கட்டை போடலாம். அதற்கேற்ற பல்பு மாற்றினால் வெளிச்சம் கூடும். மாற்ற மறந்தால் பல்பு ஒரு தடவை என்னைப் பார்த்துக் கண்ணடித்துவிட்டுப் போய்ச் சேரும்.

என் மனைவியின் அண்ணன், அதாவது என் மச்சான், இதற்காகத்தான் என்னிடம் வந்தார்.

அவருக்குத் தொண்டாமுத்தூர் தாண்டி மலையடிவாரத்தில் தோட்டம். தென்னை, ஊடே வாழை. ஒரே பெண்ணைக் கட்டிக்கொடுத்த பிறகு தோட்டத்து வீட்டில் அவரும் அக்காவும்தான். அவர் மனைவியை நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். மோட்டார் ஓட்டக் கரண்ட் முறை வைத்து வரும். ஒரு வாரம் பகலில் விடுவார்கள், ஒரு வாரம் இருட்டிய பிறகு. மோட்டார் ரூம் தோட்டத்தின் கடைசியில், மலைப் பக்கம் இருந்தது. யானை இறங்குகிற வழியும் அதுவே. பக்கத்துத் தோட்டத்தில் ஒரு ஆளை யானை மிதித்துக் கொன்ற பிறகு, பொழுது இறங்கினால் எந்த வேலையாளும் அந்தப் பக்கம் நிற்பதில்லை. இருட்டு முறை வாரத்தில் மச்சான் நடந்து போய் மோட்டாரைப் போட்டால் வாழைக்குத் தண்ணீர். அவர் போகவில்லை என்றால் வாழை இல்லை, கொஞ்ச நாளில் தோட்டமும் இல்லை.

"மாப்ள, கடை டார்ச்சு ஒண்ணும் சொல்லிக்கறாப்ல இல்லீங்க. மங்கலா இருக்குது. தூரத்துக்கு அடிக்கற மாதிரி ஒண்ணு கடைஞ்சு குடுங்க," என்றார்.

ஒரு விஷயத்தை இங்கே சொல்லிவிட வேண்டும். எங்கள் பக்கம் மச்சானும் மாப்பிள்ளையும் ஒருவரை ஒருவர் பாராட்டிக்கொள்வதில்லை. பாராட்டினால் ஏதோ சொத்துத் தகராறு என்று சுற்றியிருப்பவர்கள் நினைத்துக்கொள்வார்கள். என் கல்யாணப் பந்தியிலேயே அவர் ஆரம்பித்துவிட்டார். "மாப்ளைக்கு ரெண்டு எலை போடுங்க. ஒரு எலைக்கு முன்னால சாப்பிடட்டும், இன்னொரு எலைக்கு முன்னால பேசட்டும்." நான் பதிலுக்கு, "பொண்ணு குடுத்த ஊட்டுல சாம்பாரும் கொஞ்சம் குடுத்தா நல்லா இருக்கும்," என்றேன். அன்றிலிருந்து அப்படியே போய்க்கொண்டிருந்தது. நான் வாங்கிய மொபெட்டை அவர் ஆட்டுக்குட்டி என்பார். அவர் வெட்டிய கிணற்றை நான் தண்ணீர் இல்லாத இடமாகப் பார்த்து வெட்டியது என்பேன்.

ஆகவே முதல் டார்ச்சை, மூன்று கட்டையை நான்காக நீட்டியதை, தோட்டத்துக்கு எடுத்துப் போனேன். வீட்டு வாசலில் நின்று அடித்துக் காட்டினேன். தென்னை வரிசையில் பாதி தூரம் பளிச்சென்று வந்தது.

அவர் கொஞ்ச நேரம் பார்த்தார். "இது டார்ச்சுங்களா மாப்ள, மின்னாம்பூச்சிங்களா?"

"ஏனுங்க மச்சான், அத்தனை மரமும் தெரியுதுங்களே."

"உங்க ஊர்ல இதைத்தான் வெளிச்சம்னு சொல்லுவீங்களாட்ட இருக்குது. மங்கலுங்க."

நான் சிரித்துக்கொண்டேதான் திரும்பினேன். ஆனால் உள்ளே குத்தியது. மச்சான் வாயை மூட வைக்க வேண்டும், அதுதான் அடுத்த சில மாதங்கள் என் லட்சியம். பழைய இரும்புக் கடையில் ஒரு ஸ்கூட்டர் ஹெட்லைட்டின் ரிஃப்ளெக்டர் கிடைத்தது. தட்டு மாதிரி அகலம். அதை உட்கார வைக்கப் பெரிய அலுமினியக் கட்டை ஒன்றை லேத்தின் சக்கில் கவ்வ வைத்து, உள்ளே குடைந்து, புதிதாகத் தலை செய்தேன். என் மெஷினுக்கு அது தாங்காத சைஸ். குடைகிறபோது அது போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டுக்காரர் சுவரேறி எட்டிப் பார்த்து, "யாருக்குங்க பிரசவம்?" என்றார்.

அதை எடுத்துக்கொண்டு போன அன்று மச்சான் வரப்பில் முன்னால் நடந்தார், நான் பின்னால் டார்ச் அடித்துக்கொண்டே போனேன். வெளிச்சத்துக்குச் சற்று ஓரமாக ஒரு மாடு படுத்திருந்தது. அவர் சொந்த மாடு. நேராகப் போய் அதன் மேல் விழுந்தார். மாடு எழுந்து நின்று எங்கள் இரண்டு பேரையும் கேவலமாகப் பார்த்தது.

"மச்சான், அத்தனை பெரிய மாடு கண்ணுக்குத் தெரியலீங்களா?"

"நீங்க செஞ்ச டார்ச்சுல மாடு எங்க தெரியுது? மாட்டுக்கும் ஒண்ணு செஞ்சு குடுங்க, அது என்னையப் பாத்து ஒதுங்கிக்கும்."

விழுந்து விழுந்து சிரித்தோம். எனக்கு ஒரு சின்ன சந்தேகம் வரத்தான் செய்தது. காய் பறிக்கிறவர்கள் மரங்களில் பெயிண்டால் நம்பர் போட்டிருந்தார்கள். ஒரு மரத்தில் டார்ச்சை நிறுத்தி, "அதுல என்ன நம்பருங்க?" என்று கேட்டேன். சட்டென்று சொன்னார். சரியாக இருந்தது. என் சந்தேகம் அத்தோடு போயிற்று. அந்த மரங்களை வைத்ததே அவர்தான், இருக்கிற இடத்தை வைத்தே எந்த மரத்துக்கு என்ன நம்பர் என்று அவருக்குத் தெரியும் என்பது எனக்கு உறைக்கவில்லை.

"நம்பர் தெரியுது. ஆனா மங்கலுங்க," என்றார்.

மூன்றாவதாகச் செய்ததுதான் ஐந்து கட்டை. புதிதாகவே முழு நீளக் குழாய் ஒன்றை எடுத்து, அவர் கையை நினைத்துக்கொண்டு தடிமன் வைத்தேன். மண்வெட்டிப் பிடித்த கை, கொஞ்சம் பெரிய கை. பிடிக்கிற இடத்தில் ஆழமாக நர்லிங் கொடுத்தேன். தலையும் மூடியும் திருகினால் பட்டுப்போல் ஏறி நின்றன. வீட்டு மொட்டை மாடியில் இருந்து அடித்துப் பார்த்தபோது இரண்டு தெரு தள்ளி ஒரு வீட்டுத் தண்ணீர்த் தொட்டி பளபளத்தது. அந்த வீட்டுக்காரர் போலீஸ் என்று நினைத்து வெளியே வந்து நின்றார்.

இவ்வளவுக்கும் பிறகு மச்சான் என்ன சொல்வார் என்று எனக்குத் தெரியும். அதனால் ஒரு வேலை செய்தேன். தோட்டத்துக்குப் போனதும் பின்மூடியைக் கொஞ்சம் தளர்த்தி வைத்தேன். ஸ்விட்சைத் தள்ளினால் "டிக்" என்று சத்தம் வரும், பல்பு எரியாது. அவர் வழக்கம் போல மங்கல் என்பார். "பல்பே எரியலீங்களே மச்சான், மங்கலா எப்படித் தெரிஞ்சுது?" என்று நான் கேட்பேன். அந்த ஒரு கேள்வியை வைத்துக்கொண்டு இன்னும் பத்து விசேஷத்துக்கு அவரை ஓட்டலாம். மொபெட்டில் போகும் வழியெல்லாம் தனியாகச் சிரித்துக்கொண்டு போனேன். எதிரே வந்தவர்கள் என்ன நினைத்தார்களோ.

பொழுது சாய்ந்து தென்னைகள் கறுத்து நின்றன. இரண்டு பேரும் வாசலில் நின்றோம். நான் டார்ச்சைத் தோட்டத்துப் பக்கம் நீட்டி, "டிக்" என்று தள்ளினேன். ஒரு பொட்டு வெளிச்சம் இல்லை.

"இப்ப எப்படிங்க மச்சான்?"

அவர் இருட்டைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு, அத்தனை வருஷத்தில் முதல் தடவையாக என்னைப் பாராட்டினார்.

"இது பரவால்லீங்க மாப்ள. முந்துனதுக்கு இது எத்தனையோ தேவலை. கஷ்டப்பட்டுச் செஞ்சிருக்கீங்க."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவர் என்னைத் திருப்பி மடக்குகிறார் என்றுதான் முதலில் நினைத்தேன். அவர் முகத்தைப் பார்த்தேன். அதில் குசும்பு எதுவும் இல்லை. பாவம், இத்தனை அலைந்திருக்கிறானே என்கிற மாதிரி ஒரு முகம்.

"ஏனுங்க சிரிக்கறீங்க?" என்றார்.

"ஒண்ணுமில்லீங்க மச்சான்."

பேசிக்கொண்டே மூடியைத் திருகி இறுக்கினேன். குப்பென்று வெளிச்சம் பாய்ந்தது. தென்னை வரிசை முழுக்க, கடைசி மரத்தின் பாளை வரைக்கும், எழுந்து வந்து எதிரில் நின்ற மாதிரி இருந்தது. நான் கண்ணை இடுக்கிக்கொண்டேன். மச்சான் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. அப்படியே முன்னால் பார்த்து நின்றார்.

"உள்ள வாங்க, காப்பி குடிக்கலாம்," என்றார்.

வாய்க்குள் தயாராக வைத்திருந்த கேள்வியை நான் கேட்கவே இல்லை. காப்பியோடு விழுங்கிவிட்டேன்.

அடுத்த வாரம் எனக்குக் கண்ணாடி மாற்ற வேண்டும், துணைக்கு வாருங்கள் என்று பொய் சொல்லி அவரைக் கோயமுத்தூர்க் கண்ணாஸ்பத்திரி ஒன்றுக்குக் கூட்டிப்போனேன். அங்கே போனதும், "நீங்களும் ஒரு தடவை பாத்துக்கங்களேன்," என்றேன். மறுப்பார் என்று நினைத்தேன். பேசாமல் உட்கார்ந்து தலையைப் பின்னால் சாய்த்துக்கொண்டார், சொட்டு மருந்துக்கு. டாக்டர் கையில் பேனா மாதிரி ஒரு சின்ன டார்ச் வைத்திருந்தார். இன்னொருவருடைய நர்லிங்கைப் பார்த்தால் என் கண் தானாகப் போய்விடும். அன்றைக்கும் போனது. அது எவ்வளவு நேர்த்தி என்று நான் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் டாக்டர், "உங்க அம்மா அப்பா சொந்தத்துல கல்யாணம் பண்ணுனவங்களா?" என்று கேட்டார்.

"எங்கம்மா எங்கப்பனுக்கு மாமன் பொண்ணுங்க," என்றார் மச்சான். எங்கள் பக்கம் அது சோறு தின்பீர்களா என்று கேட்பது மாதிரியான கேள்வி.

கண்ணுக்குப் பின்னால் இருக்கிற திரை காய்ந்துகொண்டு வருகிறது என்றார் டாக்டர். முதலில் இருட்டில் பார்வை போகும். பிறகு ஓரங்கள் போகும். நடுவில் குழாய்க்குள் பார்ப்பது மாதிரி கொஞ்சம் மிஞ்சும், பகலில் மட்டும். அதுவும் எத்தனை நாள் என்று சொல்ல முடியாது. மருந்து இல்லை, ஆபரேஷனும் இல்லை. கூடப் பிறந்தவர்களையும் ஒரு தடவை கூட்டி வாருங்கள் என்றார். பிறகு என் மனைவியைக் கூட்டிப்போனேன். அவளுக்கு ஒன்றும் இல்லை. நான் கடைந்த எதிலும் கோணலைத் துவைக்கிற கல்லில் இருந்தபடியே கண்டுபிடிக்கிற கண் அது.

திரும்புகிறபோது பஸ்ஸில் மச்சான் ஜன்னலோரம் உட்கார்ந்தார். சொட்டு மருந்து போட்டதால் கறுப்புக் கண்ணாடி கொடுத்திருந்தார்கள்.

"எங்க மாமன் ஒருத்தர் இருந்தாருங்க," என்றார். "அம்மாவோட தம்பி. என்னையாட்டம் வயசுலயே செவுத்தைத் தடவிக்கிட்டுத்தான் நடப்பாரு. நாங்க பசங்களா இருந்தப்ப, அவரு வர்ற வழியில பலகையப் போட்டு வெச்சு வேடிக்கை பாப்போம்."

"அப்ப உங்களுக்குத் தெரிஞ்சுதான் இருந்துதுங்களா மச்சான்?"

"தெரியாம என்னுங்க." கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டார். "டார்ச்சு மங்கல்னா டார்ச்சை மாத்திக்கலாம் பாருங்க."

இறங்குகிற இடம் வந்தபோது என் கையைப் பிடித்தார். படியில் கால் வைக்கப் பிடித்தார் என்று நினைத்தேன். "உங்க அக்காகிட்டச் சொல்லிப்போடாதீங்க. அவளுக்குத் தெரிஞ்சா மோட்டாருக்குப் போக உட மாட்டா. போகலீன்னா தோட்டத்தைக் குத்தகைக்கு உட்டுப்போட்டு உங்கூட்டுத் துவைக்கற கல்லு மேலதான் வந்து உக்காரோணும்."

"உக்காருங்க மச்சான். மெஷின் சத்தம் கேட்டுக்கிட்டு..."

"அதுக்கு யானைகிட்டயே போயிருவேன்," என்றார்.

நான் சொல்லவில்லை. ஆனால் கையைக் கட்டிக்கொண்டு இருக்கவும் முடியவில்லை. மருந்து இல்லை, ஆபரேஷன் இல்லை என்று டாக்டர் சொன்னாரே தவிர, அலுமினியம் இல்லை என்று சொல்லவில்லையே. கோயமுத்தூரில் வளர்ந்தவன் மூளை அப்படித்தான் வேலை செய்யும். எங்கேயாவது ஒன்று தேய்ந்துபோனால் அதற்கு ஒரு புஷ் அடித்துவிடலாம் என்று தோன்றும். ஓரம் தெரியவில்லை என்றால் வெளிச்சத்தை ஓரத்துக்கு விரித்துவிட்டால் ஆயிற்று. அதே ஐந்து கட்டையில் ரிஃப்ளெக்டரை ஆழம் குறைத்து உட்கார வைத்தேன், பல்பை முன்னால் தள்ளினேன், தலையை இன்னும் அகலமாக்கினேன். அடித்தால் வெளிச்சம் விசிறி மாதிரி விரிந்தது. எனக்கு வரப்பு, வாய்க்கால், இரண்டு பக்கத்துச் செடி எல்லாம் தெரிந்தது. எனக்குத் தெரிந்தது.

மச்சான் வாங்கிப் பார்த்தார். "நல்லா இருக்குதுங்க மாப்ள. ரொம்ப சந்தோஷமுங்க."

அதோடு அவர் பாராட்ட ஆரம்பித்துவிட்டார். எதைக் கொண்டுபோனாலும் நல்லா இருக்குதுங்க. பல்பு மாற்றினாலும் நல்லா இருக்குதுங்க. ஒன்றும் மாற்றாமல் சும்மா துடைத்துக் கொண்டுபோனாலும் நல்லா இருக்குதுங்க. ஒரு கல்யாண வீட்டில் நான் வேண்டுமென்றே அவர் கிணற்றை இழுத்தேன். "மச்சான் கிணத்துல போன வாரம் மீன் தண்ணிக்குத் தவிச்சு ஏறி வந்துருச்சாம்." எல்லாரும் சிரித்தார்கள். அவரும் மரியாதைக்குச் சிரித்துவிட்டு இலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். சாம்பார் ஊற்ற வந்தவர் எந்தப் பக்கம் நிற்கிறார் என்று மச்சான் தேடிக்கொண்டிருந்தார் என்பது எனக்கு மட்டும் தெரிந்தது. அதற்குப் பிறகு நானும் அவரைச் சீண்டுவதை விட்டுவிட்டேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெரியவர் ஒருவர், "ரெண்டு பேருக்கும் ஏதாச்சும் மனஸ்தாபமுங்களா?" என்று கேட்டார்.

வாழை குலை தள்ளுகிற சமயம். இருட்டு முறை வாரம். ஒரு நாள் பொழுது சாய்ந்ததும் மச்சான் மோட்டார் போடக் கிளம்பிப்போய்த் திரும்பவில்லை. கரண்ட் வந்தும் மோட்டார் சத்தம் கேட்காததால் அக்கா கூப்பிட்டுக்கொண்டே போயிருக்கிறார். வாழைக்குள் ஒரு பாத்தி முழுக்கச் சாய்ந்து கிடந்ததாம். பக்கத்தில் வாய்க்காலுக்குள் இவர். டார்ச் எரிந்துகொண்டே, தலை சேற்றில் புதைந்து, விளிம்பில் மட்டும் கொஞ்சம் வெளிச்சம் கசிந்துகொண்டு இருந்தது. அந்தக் கசிவை வைத்துத்தான் அக்கா அவரைக் கண்டுபிடித்தார். சேற்றுக்குள் கிடந்தும் என் டார்ச் அணையவில்லை என்று கேட்டபோது எனக்குக் கொஞ்சம் பெருமையாக இருந்தது. அந்த நேரத்திலும் இருந்தது, என்ன செய்வது.

தோள்பட்டை எலும்பும் மணிக்கட்டும் முறிந்திருந்தன. ஆஸ்பத்திரிக் கட்டிலில் கட்டுப்போட்டுப் படுத்திருந்தவரைப் போய்ப் பார்த்தோம்.

"என்னுங்க மச்சான் ஆச்சு?"

"மோட்டார் ரூம்பு அன்னைக்குக் கொஞ்சம் கிட்டக்க வந்துட்டாப்ல இருந்துதுங்க," என்றார். "என்னடா, இன்னும் நடக்கோணுமேன்னு நெனச்சேன். சரி, ஏதோ நெனப்புல வெரசா வந்துட்டமாட்ட இருக்குதுன்னு கையத் தூக்கிக் கதவைத் தேடுனேன். அப்புறம் பாத்தா ரூம்பு காதை ஆட்டுது."

என் மனைவி வாயைப் பொத்திக்கொண்டாள்.

"காத்து மூஞ்சிலயே அடிச்சுதுங்க. பின்னால சாஞ்சவன்தான். அது ஒண்ணும் பண்ணலீங்க. மிதிக்காம காலைத் தூக்கி வெச்சு என்னையத் தாண்டிப் போயிருச்சு. இவனுக்குக் கண்ணு தெரியாதுன்னு அதுக்குத் தெரிஞ்சிருக்குது."

அப்படித்தான் அக்காவுக்கும் தெரிந்தது. கட்டில் ஓரத்தில் நின்றிருந்தவர் போர்வையை இழுத்து அவர் காலை மூடினார். வெளியே காரிடாரில் என் மனைவியிடம் மட்டும், "நாலு வருஷமா டார்ச்சு சரியில்லைன்னுதான் சொல்லீட்டு இருந்தாரு," என்றாராம்.

கொஞ்ச நாள் கழித்து அக்கா கணபதிக்கு வந்தார். கையில் மஞ்சள் பை. அதற்குள்ளிருந்து ஐந்து கட்டை டார்ச்சை எடுத்து லேத் மேல் வைத்தார். சேறு நர்லிங்குக்குள் காய்ந்திருந்தது.

"தம்பி, இது கைக்கு அடங்க மாட்டேங்குதுங்க. கொஞ்சம் எளைக்க வெச்சுக் குடுங்க."

"யாரு கைக்குங்க அக்கா?"

"மோட்டாருக்கு நான்தானுங்களே போகோணும்."

குத்தகைக்கு விடலாமே, இங்கே வந்து இருக்கலாமே என்று என் மனைவி என்னென்னவோ சொன்னாள். அக்கா எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். "அவரு இங்க வந்தா ஒரு மாசம் தாங்க மாட்டாரு அம்மணி. அங்க கண்ணு தெரியாட்டியும் எது எங்க இருக்குதுன்னு தெரியும்." பிறகு என் பக்கம் திரும்பி, "எத்தனை நேரமாகுங்க?" என்றார்.

ஒரு பழைய குழாய்த் துண்டைக் கொடுத்துப் பிடிக்கச் சொல்லி அவர் கை அளவைப் பார்த்தேன். சின்னக் கை. டார்ச்சைப் பிரித்துச் சேற்றைக் கழுவி, உடம்பை மட்டும் மெஷினில் மாட்டினேன். மச்சான் கைக்காக ஆழமாகப் போட்ட நர்லிங்தான் முதலில் போனது. ஒரு ஓட்டு ஓட்டியதும் பாதி அழிந்தது, அடுத்த ஓட்டில் வழவழவென்று வெறும் குழாய். இன்னும் கொஞ்சம் இறக்கினேன். அதற்கு மேல் போனால் மரை பலம் இழந்துவிடும். சன்னமாகப் புது நர்லிங் ஓட்டினேன். அக்கா துவைக்கிற கல்லில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். மச்சான் தான் வந்து உட்கார வேண்டிவரும் என்று பயந்த அதே கல். அன்றைக்கு நான் ஒரு ஜோக்கும் சொல்லவில்லை. என் மனைவி இரண்டு தடவை வெளியே வந்து பார்த்துவிட்டுப் போனாள்.

அக்காவை மொபெட்டில் ஏற்றி நானே தோட்டத்துக்குக் கொண்டுபோய் விட்டேன். மச்சான் வாசலில் கயிற்றுக் கட்டிலில் இருந்தார், கை கழுத்தில் தொங்கிக்கொண்டு. இருட்டு முறை வாரம்தான். பொழுது இறங்கிவிட்டது. கரண்ட் வந்துவிட்டதற்கு அடையாளமாகத் திண்ணைச் சுவரில் வைத்திருந்த சின்ன பல்பு எரிந்தது.

அக்கா டார்ச்சைக் கையில் எடுத்துத் தோட்டத்துப் பக்கம் திருப்பி ஸ்விட்சைத் தள்ளினார்.

"அட சாமி! இத்தனை வெளிச்சமுங்களா இது? பகலாட்ட..."

பாதியில் நிறுத்திவிட்டார். நான் செய்த டார்ச்சுகளில் எதற்கும் இப்படி ஒரு பேர் கிடைத்ததில்லை. அதைக் கேட்க வேண்டும் என்றுதான் அத்தனை அலுமினியத்தை வீணாக்கினேன். கேட்டபோது எங்கேயாவது போய் ஒளிந்துகொள்ளலாம் போல இருந்தது.

மச்சான் அக்காவின் குரல் வந்த பக்கம் முகத்தைத் திருப்பினார். "எதுவரைக்கும் அடிக்குது?"

அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"சும்மா சொல்லு."

"கடைசி வரிசை வரைக்குமுங்க. அதுக்கு அக்கட்டால வேலிக் கம்பி தெரியுதுங்க."

மச்சான் அதை யோசித்துக்கொண்டிருந்தார். பிறகு, ரொம்ப நாளைக்கு அப்புறம், அந்தப் பழைய குரலில் சொன்னார். "மாப்ள காதுல உழுகற மாதிரி சொல்லாதே. மங்கல்னே சொல்லு. இல்லீன்னா அவருக்குத் தலைக்கனம் ஏறி அடுத்தது செஞ்சு தர மாட்டாரு."

அக்கா சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு வரப்பில் இறங்கினார். நானும் வாரேன் என்று எழுந்தேன். "நீங்க அவருகூட இருங்க தம்பி. என்னிக்கும் நீங்க வர முடியுங்களா?" என்று சொல்லிவிட்டு நடந்தார்.

நான் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தேன்.

"எங்க போயிட்டு இருக்கறா?" என்றார்.

"மாட்டுக் கட்டுத்தரையத் தாண்டிட்டாங்க மச்சான்."

"இப்ப?"

"வாழைக்குள்ள போறாங்க. வெளிச்சம் நல்லா தெரியுதுங்க. நேராத்தான் போகுது."

"நின்னு நின்னு போறாளா, நடந்துக்கிட்டே போறாளா?"

"நடந்துக்கிட்டேதானுங்க."

பிறகு வெளிச்சம் வாழைக்குப் பின்னால் போய் மறைந்தது. நான் எழுந்து நின்று பார்த்தேன். மலைப் பக்கம் முழுக்க ஒரே கறுப்பு. அவர் அடுத்த கேள்வியைக் கேட்டார். நான் வாசல் விளிம்புவரை போய் எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்து உட்கார்ந்தேன்.

"தெரியலீங்களா?" என்றார்.

"இல்லீங்க மச்சான்."

"ம்."

இரண்டு பேரும் ஒரே மாதிரி இருட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். அவருக்குத்தான் முதலில் கேட்டது. தலையை நிமிர்த்தினார். அதற்கப்புறம்தான் மோட்டார் முனகி எடுக்கிற சத்தம் எனக்கு வந்தது, அதற்குப் பின்னால் தொட்டியில் தண்ணீர் விழுகிற சத்தம்.

"போட்டுட்டாங்க மச்சான்," என்றேன்.

"போட்டுட்டா," என்றார். முறியாத கையால் கட்டில் கயிற்றை இறுக்கிப் பிடித்திருந்தார். "இன்னும் திரும்பி வரோணுமுங்களே மாப்ள. வெளிச்சம் வெளிய வந்ததும் சொல்லுங்க."